வயிறு மேலா, கீழா

"துரத்திட்டாங்க, துரத்திட்டாங்க" என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். பெல்லக்காவை யாரும் துரத்தவில்லை. மாடியில் இருக்கும் தையற்காரி ஒரு கதை சொல்கிறாள், மருந்துக்கடைக்காரரின் மாமியார் இன்னொரு கதை சொல்கிறாள். இரண்டு பேருமே அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர்கள் இல்லை.

"இந்த வயசுல ஏபிசிடி படிக்கப்போறேன்னு சின்னப் புள்ளைங்க பெஞ்சுல போய் உக்காந்தாளாம். ஆசை யாரை விட்டுச்சு!" இது தையற்காரி.

"உக்காந்தா உக்காந்துட்டுப் போறா. ஒரு கொழந்தையோட படிப்பையே கெடுத்துட்டாளாமே! கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டாங்க." இது மாமியார்.

யாரும் கழுத்தையும் பிடிக்கவில்லை, வெளியே தள்ளவும் இல்லை. அவள் தப்பே செய்யாதவள் என்று வாதாட இங்கே யாரும் வரவில்லை. செய்தாள். ஆனால் ஊர் வாயில் புரளுகிற தப்பு வேறு, அவள் செய்தது வேறு. முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் அது புரியும். நடுவில் யாரும் குறுக்கே பேசக் கூடாது.

பதினோரு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் மணியடித்தவள் அவள். தாழ்வாரத்தில் தொங்கும் இரும்புத் துண்டைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பாள். அதனால் பிள்ளைகளுக்குப் பெல்லக்கா. மணி போக மற்ற வேலையெல்லாமும் அவளுடையதுதான். தண்ணீர் நிரப்புவது, சாக்கட்டி எடுத்து வைப்பது, மூக்கு சிந்திவிடுவது, ஒற்றைக் காலுறையோடு அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைக்கு மற்றதைத் தேடித் தருவது, அறிவிப்பு நோட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய் நீட்டுவது.

நீட்டுவதோடு சரி. அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கடிகாரம் தெரியும், எண்கள் தெரியும், பஸ் நம்பர் தெரியும். எழுத்து மட்டும் எந்த மொழியிலும் தெரியாது. யாராவது "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றால் உடனே சேலைமேல் மாட்டியிருக்கும் வேலைச் சட்டையின் பையைத் தட்டிப் பார்ப்பாள்.

"ஐயோ, கண்ணாடிய வீட்டுலயே வெச்சுட்டேன்."

அவளிடம் கண்ணாடியே கிடையாது. இல்லாத கண்ணாடியைப் பதினோரு வருஷம் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

அந்த வேலைக்கு எட்டாவது படித்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். படித்தவள் தங்கை. தங்கை கல்யாணமாகித் தூரதேசம் போனபோது சான்றிதழ் இங்கேயே கிடந்தது. அக்கா அதைக் கொண்டுபோய்க் காட்டி வேலையில் சேர்ந்துவிட்டாள். ஆகவே பதிவேட்டில் அவள் பெயர் தங்கையின் பெயர். ஆபீஸிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நொடி கழித்துத்தான் திரும்புவாள், திரும்பும்போதே காது சுடும். பொய் பழகப் பழக உறுத்தல் போய்விடும் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவளுக்குப் போகவில்லை. பெல்லக்கா என்று கூப்பிட்டால் மட்டும் நிம்மதி. அது ஒன்றாவது அவளுடைய சொந்தப் பெயர்.

அந்த வருஷம் புதிதாக ஒரு இங்கிலீஷ் டீச்சர் வந்தார். நாலாம் வகுப்பில் அவர் பாடம் நடத்துகிற விதத்தைப் பார்த்துப் பெற்றோர்களெல்லாம் முகம் சுளித்தார்கள். இரண்டு பிள்ளைகளை ஒரு பெஞ்சில் உட்காரவைப்பார். ஒரு தாள், ஒரே ஒரு பென்சில், நாலு கட்டத்தில் ஒரு படம். இரண்டு பேரும் பேசி ஒத்துக்கொண்டு அந்தப் படத்தின் கதையை இங்கிலீஷில் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் தாளை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார். பத்து நாள் கழித்து அதே படம், அதே ஜோடி, புதுத் தாள். இன்னும் பத்து நாள் கழித்து மறுபடியும் அதே.

"என்ன டீச்சர், அரைச்ச மாவையே அரைக்கிறீங்க? வேற படம் கிடைக்கலையா?" என்று ஒரு தகப்பனார் வாசலில் நின்று கேட்டே விட்டார்.

டீச்சர் சிரித்தார். "முதல் தடவை கதையைக் கண்டுபிடிக்கவே நேரம் சரியாப் போயிடுங்க. ரெண்டாவது தடவை கதை கையில இருக்கும், வார்த்தையைத் தேடுவாங்க. மூணாவது தடவைதான் ஒரு எழுத்துக்காகச் சண்டை போட்டுக்குவாங்க. நான் அந்தச் சண்டைக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்."

"சண்டை போடவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார் அவர்.

வகுப்பில் இருபத்திரண்டு பேர் இருந்தவரை ஜோடி சரியாக இருந்தது. இருபத்து மூன்றாவதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு வேலை மாறி வேறெங்கிருந்தோ வந்த குடும்பம். முன்பு படித்த இடத்தில் இங்கிலீஷ் அவ்வளவாக இல்லை. யாரோடும் ஒட்டாமல் சுவரோரம் நிற்பாள். பிள்ளைகள் அவளுக்குப் புதுசு என்று பெயர் வைத்துவிட்டார்கள். தலைமையாசிரியைக்கு அவள்மேல் சந்தேகம்.

"இது நாலுல தாக்குப்பிடிக்குமா? மூணாவது தடவை எழுதுறப்ப நானே வந்து பாக்கறேன். அதை வெச்சு நாலுல இருக்கட்டுமா, மூணுக்கு இறக்கலாமான்னு முடிவு பண்ணலாம்" என்று டீச்சரிடம் சொன்னார். தண்ணீர்க் குடத்தோடு அங்கே நின்றிருந்த பெல்லக்கா காதாரக் கேட்ட விஷயம் இது. கேட்கவில்லை, தெரியாது என்றெல்லாம் அவள் பிறகு தப்பித்துக்கொள்ள வழியில்லை.

ஜோடி இல்லாத பிள்ளைக்கு யார் ஜோடி? டீச்சர் தாழ்வாரத்தைப் பார்த்தார்.

"பெல்லக்கா, ஒரு அரை மணி நேரம் வந்து இவகூட உக்காருங்களேன்."

"ஐயையோ, எனக்கு இங்கிலீஷெல்லாம்... கண்ணாடி வேற கொண்டாரல டீச்சர்."

"நீங்க எழுத வேணாம்க்கா. படத்தைப் பாத்துப் பேசினாப் போதும். பேச்சுத் துணை, அவ்வளவுதான்."

முழங்கால் மார்பில் இடிக்கிற அந்தச் சின்ன பெஞ்சில் பெல்லக்கா உட்கார்ந்தாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதுசு படத்தை நடுவில் வைத்தாள். ஒரு சுவர், அதன்மேல் ஒரு ஆள், கீழே ஒரு பெரிய நாய், பக்கத்தில் ஒரு பையன்.

"தி மேன் இஸ் ஆன் தி வால்" என்று மெதுவாகச் சொன்னாள் புதுசு.

"வாலா? மனுசனுக்கு ஏதும்மா வால்? நாய்க்குத்தானே வால்!"

புதுசு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து அன்றுதான் முதல் முறையாகச் சிரித்தாள். "வால்னா சுவர் அக்கா!"

"சுவருக்குப் போய் வால்னு பேரு வெச்சிருக்கானே, உருப்படுவானா!"

மூன்று வரி எழுதினார்கள். திருடன் சுவர் ஏறுகிறான், நாய் பார்க்கிறது, பையன் வருகிறான். எழுதியதைப் புதுசு அவள் பக்கம் திருப்பி, "சரியா இருக்கா அக்கா?" என்று கேட்டாள். பெல்லக்கா வழக்கம்போலச் சட்டைப் பையைத் தட்டினாள். புதுசு உடனே பென்சிலை எடுத்தாள். தாளைத் திருப்பி, அதே மூன்று வரியைப் பெரிய பெரிய எழுத்தில், பக்கம் முழுக்க அடைகிற மாதிரி மறுபடி எழுதினாள்.

"ஏன்டா கண்ணு இவ்வளவு பெரிசு?" என்று கேட்டார் டீச்சர்.

"அக்காகிட்ட கண்ணாடி இல்ல மிஸ். இவ்வளவு பெரிசுன்னா தெரியும்ல."

பெல்லக்காவுக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஒன்பது வயசுப் பிள்ளை அவளுடைய பொய்யை நம்பி, விரல் வலிக்க எழுதியிருக்கிறது. அந்தப் பெரிய எழுத்தும் அவளுக்கு வெறும் கோடாகத்தான் தெரிந்தது. "ஆங், நல்லாத் தெரியுது" என்று தலையாட்டினாள்.

இரண்டாவது தடவை படத்தைப் பார்த்ததும் வகுப்பே முனகியது. "மிஸ், இதைத்தான் எழுதிட்டோமே!"

"தெரியும். மறுபடி எழுதுங்க."

முனகினவர்கள் ஐந்து நிமிஷத்தில் மும்முரமாகிவிட்டார்கள். கதை தெரிந்துவிட்டதால் வாய் சும்மா இருக்கவில்லை. "கம்னு போடாதே, கேம்னு போடு", "ஏன்?", "நேத்திக்கு நடந்ததுடா" என்று பெஞ்சுக்குப் பெஞ்சு வாக்குவாதம். பெல்லக்காவும் பழைய பெல்லக்காவாக இல்லை. அந்தப் பத்து நாளும் பெருக்கும்போதும் தண்ணீர் நிரப்பும்போதும் "மேன், வால், டாக்" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொல்லச் சொல்லப் புதுசு எழுதினாள். நாய் எந்த நிறம், பையன் எங்கிருந்து வந்தான் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு ஏழு வரி ஆக்கிவிட்டார்கள்.

"அக்கா, இந்தத் தடவை சின்னதா எழுதட்டுமா? இடம் பத்தல."

"எழுதும்மா, எழுது."

கண்ணாடியைப் பற்றிப் புதுசு கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று பெல்லக்கா அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவது தடவை தலைமையாசிரியை வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டீச்சரைப் பெஞ்சுகள் பக்கம் போகாமல் பின்னால் இருக்கச் சொன்னார். அன்றைக்கு இந்த ஜோடிக்கு யோகம் அடித்தது. மூன்றாவது தடவை பார்த்தபோதுதான் நாலாவது கட்டத்தில் அந்த ஆளின் கையில் ஒரு பந்து இருப்பது புதுசின் கண்ணில் பட்டது.

"அக்கா! அவன் திருடன் இல்ல! பையனோட பந்தை எடுத்துத் தர ஏறியிருக்கான்!"

"அடப்பாவமே, ரெண்டு தடவை நாம அவனைத் திருடனாக்கிட்டோமே!"

விறுவிறுவென்று பதினோரு வரி. பெரிய நாய், குரைக்கிற நாய், பையன், பந்து எல்லாம் வந்துவிட்டது. எழுதுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்த பெல்லக்காவுக்குத் திடீரென்று ஒன்று தட்டுப்பட்டது.

பள்ளிக்கூட வாசலில், வண்டி நிறுத்தாதே என்று ஒரு பலகை இருக்கும். வேன் டிரைவர் தினமும் அதைக் காட்டி, "நோ பார்க்கிங்காம், அப்ப என் வண்டியத் தலையிலயா தூக்கி வெச்சுக்குவேன்?" என்று சத்தம் போடுவார். அந்தப் 'பார்க்கிங்' என்பதன் முதல் எழுத்தின் உருவம் மட்டும் அவளுக்கு நெஞ்சில் பதிந்திருந்தது. ஒரு குச்சி, குச்சியின் மேல்பக்கம் ஒரு வயிறு. இந்தப் பிள்ளையோ வயிற்றைக் கீழே போட்டிருக்கிறது.

"நாய் என்ன பண்ணுதுன்னு எழுதினே?"

"பார்க்கிங் அக்கா. குரைக்குது."

"பார்க்கிங்னா வயிறு மேலல்ல வரணும்! கேட்டுல தெனமும் பாக்கறேனே!"

"இல்லக்கா, இது வேற பார்க்..."

"பதினோரு வருஷமா இங்க இருக்கேன், எனக்குத் தெரியாதா? பா-ன்னா வயிறு மேலதான்."

தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே 'ப'தான், இங்கிலீஷில் குரைப்பதற்கு b, வண்டி நிறுத்துவதற்கு p என்று டீச்சர் பிறகு சொன்னார். அப்போது அவளுக்கு அது எங்கே தெரியும்? பிறந்ததிலிருந்து ஒரு எழுத்தைப் பார்த்து "இது எனக்குத் தெரியும்" என்று சொன்னது அன்றைக்குத்தான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. புதுசு அவள் முகத்தையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்தாள். விட்டாளா பெல்லக்கா? வயிறு கீழே இருந்த இடத்தையெல்லாம் விரல் வைத்துக் காட்டினாள். ஏழு இடம். ஏழையும் அழித்து வயிற்றை மேலே ஏற்றவைத்தாள்.

தலைமையாசிரியை தாளை எடுத்து உரக்கப் படித்தார். "பெரிய நாய்னு எழுதச் சொன்னா பன்னி நாய்னு எழுதியிருக்கே? அந்த நாய் குரைக்கல, வண்டிய பார்க்கிங் பண்ணுது!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "டிரைவர் நாய்டா!" என்று ஒருவன் கத்தினான்.

"முதல் தாளையும் பாருங்க மேடம்," என்று டீச்சர் ஓடிவந்தார். "மூணு வரியிலேருந்து பதினொண்ணு. அவளா யோசிச்சது."

"வரி இருந்து என்ன? பால பாடத்து எழுத்தே தெரியலையே. ஏழு இடத்துல தப்பு." பிறகு குழந்தையிடம், "இதை யார் இப்படி எழுதினது?" என்றார்.

பெல்லக்கா பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள். "நான்தான்" என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: எட்டாவது படித்தவளுக்கு இது தெரியாதா? அவள் தலையைக் குனிந்து பெஞ்சில் கிடந்த ரப்பர் தூளைத் தட்டிவிட்டாள். குழந்தை அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான்தான் மிஸ்."

பெல்லக்கா எழுந்துபோய், நேரமாகும் முன்பே மணியை அடித்தாள்.

மறுநாள் புதுசைப் பையோடு மூன்றாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். தன்னைவிடத் தலை குட்டையான பிள்ளைகள் நடுவில் அவள் உட்கார்ந்திருப்பது தாழ்வாரத்திலிருந்து நன்றாகத் தெரியும். பெல்லக்கா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குடத்தைத் தோளுக்கு ஏற்றி முகத்தை மறைத்துக்கொண்டாள். அதையும் மீறிப் பிள்ளை பார்த்துவிட்டால் சிரிக்கும், "அக்கா" என்று கையாட்டும். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். லேத் பட்டறையில் வேலை செய்கிற மனிதர், கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"விடு. ஒரு வருஷம் கூடப் படிச்சா அந்தப் புள்ளை தேய்ஞ்சா போயிடும்? நீ வாயத் திறந்தா உன் வேலை போகும்."

"அது என்னைக் காட்டிக் குடுக்கலைங்க."

"அப்ப அது புத்திசாலி. நீயும் அதே மாதிரி இரு."

நாலு நாள் அதே மாதிரி இருந்தாள். ஐந்தாம் நாள் டீச்சர் அறையில் தண்ணீர் வைக்கப் போனாள். டீச்சர் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க பெல்லக்கா. அழிச்ச தடம் தெரியுது. ஏழு இடத்துலயும் முதல்ல சரியாத்தான் போட்டிருக்கா. தெரியாத புள்ளை ஏழு தடவை சரியாப் போடுமா? எவனோ அழிக்கச் சொல்லியிருக்கான்."

"எவனும் இல்ல டீச்சர்" என்றாள் பெல்லக்கா. குடத்தைக் கீழே வைத்தாள். "எவளோ."

டீச்சர் தாளைக் கீழே இறக்கினார். பிறகு, "பெரிய டீச்சர்கிட்ட நீங்களே சொல்றீங்களா, நானும் வரட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு பேருமாகப் போனார்கள். தலைமையாசிரியை பொல்லாதவர் இல்லை. எழுத்தை மாற்றவைத்ததையும் தங்கையின் சான்றிதழையும் பற்றி முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"குழந்தையை இன்னிக்கே நாலுக்கு அனுப்பிடறேன். ஆனா உங்க விஷயத்தை மேல சொன்னா விசாரணை வரும், உங்க தங்கச்சியையும் இழுப்பாங்க. நீங்களா வேலைய விட்டுப் போறதா எழுதிக் குடுத்துடுங்க, அதோட முடியும்."

"எனக்கு எழுதத் தெரியாதே டீச்சர்."

சான்றிதழைப் பற்றிச் சொன்னபோதுகூட அந்த வாசகத்தை அவள் சொல்லவில்லை; பதினோரு வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இங்கிலீஷ் டீச்சர் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

"கண் பார்வை குறைஞ்சிட்டதால வேலைய விடறேன்னு போடுங்க."

டீச்சர் மறுபேச்சுப் பேசாமல் எழுதினார், படித்தும் காட்டினார். தன் வார்த்தையைத் தன் காதாலேயே கேட்டபோது பெல்லக்காவுக்கு உடம்பு கூசியது. "அதைக் கிழிச்சிடுங்க."

இரண்டாவது தாள் நீளமாகப் போயிற்று. சின்ன வயசில் யார் படிக்க வைத்தார்கள், எட்டாவது வேண்டும் என்று ஏன் கேட்டார்கள், கணவர் என்ன சொன்னார் என்று ஒரு பக்கம். டீச்சர் படித்து முடித்ததும், "இதுல புள்ளை எங்க இருக்கா?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை. "அதையும் கிழிச்சிடுங்க."

மூன்றாவது தாளில் நாலே வரி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரியும் என்று பொய் சொல்லி வேலையில் சேர்ந்தேன். ஒரு குழந்தை சரியாக எழுதியதைத் தப்பாக அழிக்க வைத்தேன். அவளைக் கேட்டபோது நான் பக்கத்திலேயே இருந்து வாய் திறக்கவில்லை.

"ராஜினாமாவுக்கு இவ்வளவெல்லாம் வேணாமே" என்றார் தலைமையாசிரியை.

"இருக்கட்டும் டீச்சர். மூணு தடவை எழுதித்தான் இது வந்துச்சு."

இத்தனை வருஷம் பதிவேட்டில் தங்கையின் பெயரை வரைந்து பழகிய கை. அந்தப் பெயரை இங்கே போட முடியாது, தன் பெயரை எழுதத் தெரியாது. கட்டைவிரலை ஊதா மையில் அழுத்தி, தாளில் அழுத்தினாள்.

குழந்தையிடம் தானே சொல்ல வேண்டும் என்று கேட்டு, மூன்றாம் வகுப்புக்குப் போனாள். வகுப்பு முன்னால் நின்று சொன்னாள். எழுத்தை மாற்றச் சொன்னது நான், இவளுக்கு எல்லாம் தெரியும், எனக்குத்தான் எதுவும் தெரியாது. பின்வரிசையில் ஒருவன், "அக்காவுக்குப் படிக்கவே தெரியாதாடா?" என்று கேட்டான். சிரிப்பு எழுந்தது. அவள் நகராமல் நின்று அதைக் கேட்டுக்கொண்டாள்.

புதுசு பையில் புத்தகங்களைத் திணித்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். மகிழ்ச்சியாக வருவாள் என்று நினைத்தால், கண் நிறையத் தண்ணீர்.

"ஏன் அக்கா சொன்னீங்க? நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லையே!"

"உனக்கு... முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டாவது தடவையே தெரியும். சின்னதா எழுதினாலும் பெரிசா எழுதினாலும் நீங்க ஒரே மாதிரிதான் பாத்தீங்க."

"அப்ப ஏன்டா கண்ணு அழிச்சே? வயிறு கீழதான்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும். நீங்க அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமாச் சொன்னீங்க."

பெல்லக்கா அவளைத் தொடலாமென்று கையை நீட்டினாள். விரலில் மை இருந்தது, பிள்ளையின் சட்டையில் பட்டுவிடும் என்று இழுத்துக்கொண்டாள். நாலாம் வகுப்பு வாசலிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். புதுசு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்த் தன் பழைய பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சுத்தியலை எடுத்து ஆபீஸ் மேசைமேல் வைத்துவிட்டு, பெல்லக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள். மணி பதினொன்றே கால். அப்போதே கிளம்பு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சாயங்காலம்வரை இருந்துவிட்டுப் போகலாமே என்றுகூட டீச்சர் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். வேலை நாளில் அந்த நேரத்துத் தெரு எப்படி இருக்கும் என்று பதினோரு வருஷமாக அவள் பார்த்ததில்லை. வெயிலில் கண் கூசியது. வாசலுக்கு எதிரே தெரிந்த முகங்கள் வந்துகொண்டிருந்தன. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, வாசல் கதவைத் திறந்து வெளியே நடந்தாள்.